ஓடி வருகிற ஆள் எந்தக் கடையிலும் இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு லிப்ட் கதவின் இடுக்கு வழியாகக் கிடைத்தது.

காலை பதினோரு மணி. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். கையில் ஒரு கிலோ வெங்காயம். மறுநாள் பத்திரிகைக்குக் கதை கொடுத்தாக வேண்டும். மண்டைக்குள் ஒரு வரிகூட இல்லை. அரை மணி கழித்து மெக்கானிக் வந்து கதவை இரண்டு விரல் அகலத்துக்கு நெம்பினார்.

"பயமா இருக்கா மேடம்?"

இல்லை என்றேன். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது போலிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து இடுக்கு வழியாக நீட்டினார்.

"இவரை வச்சுக்கங்க, துணைக்கு. கொஞ்சம் நேரம் ஆகும்."

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு பொம்மை மனிதர். தலையில் தொப்பி. ஒரு கை உயர்ந்திருக்கிறது. தலையிலிருந்து கால் வரை ரோஸ் நிறம். அதுவும் சாதாரண ரோஸ் இல்லை, பல்செட்டில் ஈறு இருக்குமே, அந்த ரோஸ்.

யார் இவர் என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு அவர் நாற்பது நிமிடம் பதில் சொன்னார். கை பாட்டுக்கு வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் பதிலும் நின்றுவிட்டது. அது எந்த இடத்தில் நின்றது என்பதுதான் இப்போது என் பிரச்சினை. கடைசிப் பகுதிக்கு வரும்போது உங்கள் பிரச்சினையாகிவிடும். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அந்த வீட்டின் முன்னறையில் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் மனம் இளமைக்கு—"

வேண்டாம். இந்த ரயிலுக்கு விசிலே கிடையாது. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது முயற்சி:

"'உட்கார ஒரு நாற்காலி போட இடமில்லை, இந்த மனுஷனுக்கு ரயில் ஒண்ணுதான் குறைச்சல்' என்று அவர் மனைவி பாத்திரத்தை—"

இதுவும் வேண்டாம். கணவனின் பொழுதுபோக்கைத் திட்டுகிற மனைவி வாரப் பத்திரிகைக் கதைகளுக்கு ரெடிமேடாகக் கிடைப்பாள். நானே எத்தனையோ தடவை எடுத்து மாட்டியிருக்கிறேன். இந்த வீட்டு வாசலில் அவளை நிறுத்திப் பார்த்தேன், அளவு ஒத்துவரவில்லை. காரணம், அந்த ரோஸ் மனிதரைச் செய்தவரே அந்த மனைவிதான்.

மூன்றாவது முயற்சி கீழே. இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

லிப்ட்காரருக்கு (அவரை இப்படியே கூப்பிடுவோம்) விரல்கள் தடிமன். கடைகளில் விற்கிற சின்ன ரயிலைத் தொட்டால் சக்கரம் தனியாகக் கையோடு வந்துவிடும். அதனால்தான் பெரிய அளவு ரயிலுக்குப் போனார். நிஜ ரயிலில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. எஞ்சின் மட்டும் முழங்கை நீளம் இருக்கும். முன்னறையில் சுவரோரமாக மூன்று பக்கமும் மேடை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தார்.

ரயில் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, ஆசை ரயில்மேல் இல்லை, ஒரே ஒரு டிரைவர்மேல்தான் என்றார்.

அவருக்குப் பத்தொன்பது வயது. லிப்ட் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி. எட்டு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். மூன்று தடவை கேட்டுக்கு வெளியே நின்றால் அதோடு சரி. அவரோ விடியற்காலையில் தெருத்தெருவாகப் பேப்பர் போட்டு முடித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். ஏழேகால் வண்டி. எவ்வளவு வேகமாக சைக்கிளை மிதித்தாலும், பக்கவாட்டு வழியில் நுழைந்து தண்ணீர்க் குழாயைத் தாண்டும்போது வண்டி கிளம்பியிருக்க வேண்டிய நேரம் ஆகியிருக்கும்.

ஆனால் கிளம்பியிருக்காது. எஞ்சின் ஜன்னலில் தொப்பி போட்ட ஒரு தலை, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். இவர் கடைசிப் பெட்டியின் கம்பியைப் பிடித்ததும் ஒரு கை உயரும். வண்டி நகரும். இருபது நொடி. ஆறு மாதமும் தினமும் அந்த இருபது நொடி. ஒரு நாள்கூட கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை.

ஒரு வார்த்தை பேசியதில்லை. எஞ்சின் அந்தக் கோடியில், இவர் ஏறுவது இந்தக் கோடியில். இறங்கியதும் கேட்டை நோக்கி ஓட்டம். பயிற்சி முடிந்ததும் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இந்த வேலை, வீடு, கல்யாணம் எல்லாமே அந்த இருபது செகண்டு மேலதான் மேடம் நிக்குது," என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

4

லிப்ட்காரரின் மனைவி ஒரு பல் டாக்டரிடம் பல்செட் செய்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெரியவர் வந்தார். படிவத்தில், முன்பு பார்த்த வேலை என்ற இடத்தில் ரயில் டிரைவர் என்று எழுதியிருந்தார். எந்த லைன் என்று பேச்சுக் கொடுத்தார் அந்த அம்மா. அதே லைன். எந்த வண்டி? ரொம்ப வருஷம் காலை ஏழேகால்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்த கதை அது. அந்தக் கதையின் நாயகன் வாயைத் திறந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். கேட்காமல் இருக்க முடியுமா? கேட்ட நேரம்தான் சரியில்லை. அச்சு எடுக்கிற மாவைக் குழைத்து நிரப்பிய தட்டு அப்போதுதான் அவர் வாய்க்குள் போயிருந்தது.

"ஓடி வர்ற ஒரு பையனுக்காக வண்டிய நிறுத்தி வைப்பீங்களாமே, அது நீங்கதானா?"

"ம்ம்ம்," என்றார் பெரியவர்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டு வாயில் இருக்கும்போது மனிதப் பிறவியால் சொல்லக்கூடிய ஒரே பதில் இதுதான். வலிக்கிறதா என்று கேட்டாலும் இதே பதில். எனக்கும் ஒரு தடவை தட்டு வைத்திருக்கிறார்கள்.)

வீட்டுக்கு வந்து சொன்னதும் லிப்ட்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, இனி எதுவும் கேட்காதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். வெறுமனே கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை இது. அந்த ஸ்டேஷனையே கட்டி, அவரைக் கூப்பிட்டு, அதன் முன்னால் நிற்கவைத்துச் சொல்ல வேண்டும். அதற்கு முதல் வேலையாக ஒன்று கேட்டார்.

"அவர மாதிரியே ஒருத்தர் செஞ்சு குடு. அப்படியே இருக்கணும்."

பல்செட்டுக்குக் குழைத்ததில் மீந்த மாவில், அதே இருபத்திரண்டரைக் கணக்கில், மனைவி இரண்டு செய்தார். ஒருவர் எஞ்சினுக்குள் போனார். தலை ஜன்னலுக்கு எட்டவில்லை. எஞ்சின் செய்தவனுக்கு அளவு தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே, லிப்ட்காரர் ஐஸ் குச்சியில் நான்கு துண்டு நறுக்கி அடுக்கி ஒட்டி, அதன்மேல் அவரை நிற்கவைத்தார். இந்த ஐஸ் குச்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் சட்டைப் பைக்குள் போனார்.

5

இப்போது மரம், வீடு, பெஞ்சு, விளக்கு, ஜனம் எல்லாம் வேண்டும். சின்ன ரயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கடை போதும். பெரிய ரயிலுக்கு? ரயில் பொம்மைக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அந்த அளவில் நாலு மரம் வைத்தாலே அலமாரி நிறைந்துவிடும், யார் வாங்குவார்கள் என்றார்.

ஆகவே லிப்ட்காரர் ஊரில் இருக்கிற மற்ற எல்லாக் கடைகளுக்கும் போனார். கேக் அலங்காரக் கடையில் மரமும் வேலியும் கிடைத்தன. மீன் தொட்டிக் கடையில் ஜல்லியும் பாறையும். தையல் சாமான் கடையில் பெரிய கோட்டு பட்டன் வாங்கினார், சாக்கடை மூடிக்கு. பொம்மை வீடு விற்கிற இடத்தில் பெஞ்சு. மலை மட்டும் கிளினிக்கிலிருந்து வந்தது, பல் அச்சுக்குக் கரைக்கிற பிளாஸ்டரில். தந்திக் கம்பிக்குப் பல்லிடுக்கு நூல், புல்லுக்குத் தேய்ந்த பல்துலக்கியின் மயிர். ஸ்டேஷன் விளக்குகள் எல்லாம் பழைய லிப்ட்களில் மாடி எண் காட்டிய குட்டி பல்புகள்.

டேப்பை நீட்டி இருபத்திரண்டரையால் வகுத்துக்கொண்டிருந்தால் கடைக்காரர் விரட்டிவிடுவார். அவரிடம் சுலபமான வழி இருந்தது. பையிலிருந்து ரோஸ் மனிதரை எடுத்து, சாமானுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். பெஞ்சில் இவர் உட்கார முடியுமா, இந்தக் கதவில் இவர் குனியாமல் நுழைவாரா? பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மீன் கடைக்காரர் லிப்ட்காரரைக் கண்டுகொள்ளவே மாட்டார். "வாங்க, சார் வந்திருக்காரா?" என்று பைக்குத்தான் வணக்கம் வைப்பார்.

இரண்டு வருஷத்தில் ஸ்டேஷன் எழும்பிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் அகப்படவில்லை. ஓடி வருகிற ஒரு பையன்.

நிற்கிறவர்கள் கிடைத்தார்கள். உட்கார்ந்தவர்கள், கையாட்டுகிறவர்கள், நாயோடு நடக்கிறவர்கள் எல்லாம் கிடைத்தார்கள். தாமதமாக வருகிறவனை மட்டும் எந்தப் பொம்மைக் கம்பெனியும் செய்வதில்லை. கால்பந்து வீரன் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். காலிலிருந்து பந்தை அறுத்துவிடலாம், அரை நிக்கரை என்ன செய்வது?

(நானும் என் பழைய கதைகளில் தேடிப் பார்த்தேன். ஜன்னலோரம் நிற்பவர்கள் நிறைய. நாற்காலியில் சாய்ந்து யோசிப்பவர்கள் அதைவிட நிறைய. ஓடுகிறவர் ஒருவர்கூட இல்லை. இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.)

கடைசியில் மனைவியே செய்தார். பல்செட்டைச் சரிபார்க்க வந்த பெரியவரை, ஞாயிற்றுக்கிழமை டீ சாப்பிட வாங்க என்று அழைத்தாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் கணவனைச் சுவரோடு நிற்கவைத்துத் தலை முதல் பாதம் வரை அளந்தார், கணக்குப் போட்டார், தோளில் பை, ஒரு கால் காற்றில் என்று ஒரு ரோஸ் பையன் தயாரானான். லிப்ட்காரர் அவனைப் பிளாட்பாரத்தில் நிறுத்தினார். மூஞ்சி சுருங்கிவிட்டது.

"பெருசா போயிடுச்சு. பெஞ்சைப் பாரு, இவன் முட்டிக்குக் கீழ கிடக்கு. டிரைவரைவிட விரல் அகலம் ஒசரமா இருக்கான்."

"நீங்க ஒசரம்தானே?"

"அவரைவிடவா?"

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு போய் அரிசி கழுவ ஆரம்பித்துவிட்டாராம். பையன் அலமாரிக்குள் போனான்.

6

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. லிப்ட்காரர் கதவைத் திறந்தார். முகத்தை எதிர்பார்த்த உயரத்தில் எதிர் வீட்டுக் கதவு தெரிந்தது. முகம் அதற்குக் கீழே, இவர் தோளுக்குச் சற்று மேலே இருந்தது. மனைவி செய்த பல்செட்டோடு சிரித்துக்கொண்டிருந்தது.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். எனக்கே நம்பச் சிரமமாக இருந்ததால், இடுக்கு வழியாகக் கேட்டேன்: அவர் குள்ளம் என்று உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

"நான் அவர எப்பவும் கீழ இருந்துதானே மேடம் பாத்திருக்கேன். அவர் மேல, ஜன்னல்ல."

மனைவிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அந்த அம்மாவும் பெரியவரும் ஒரே உயரம். அப்படியே செய்யச் சொன்னார் கணவர், அப்படியே செய்தார். கடை கடையாக அந்த ரோஸ் மனிதரைக் கணவர் எடுத்துப்போவதையும் பார்த்தார். அளவுக்கென்று தோன்றவில்லை, பாவம், கட்டுகிற ஸ்டேஷனுக்கு வேண்டியதை அவருக்குக் காட்டிக் காட்டி வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார். (இந்தப் பெண்ணைத்தான் நான் பாத்திரம் தூக்கிப் போட வைக்கப் பார்த்தேன்.)

ஆக, அந்தக் குள்ள மனிதரை நிறுத்தி அளந்து இரண்டு வருஷமாக வாங்கியது, ஒட்டியது, நட்டது எல்லாமே எட்டில் ஒரு பங்கு சின்னது. ஒன்றுக்கொன்று பொருந்தும், ரயிலுக்கு மட்டும் பொருந்தாது. நன்றி சொல்வதற்காகக் கட்டிய ஸ்டேஷன் நன்றி சொல்ல வேண்டியவர் வந்து நின்றதும் தப்பாகிவிட்டது.  லிப்ட்காரர் மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வரியும் போன இடம் தெரியவில்லை.

பெரியவர் ஸ்டேஷனைப் பார்க்கவில்லை. நேராக எஞ்சினிடம் போனார். குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். தன்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பலகை கூட வச்சிருக்கீங்களே. இது யாரு உங்களுக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. ஐஸ் குச்சி அது.

எஞ்சின் ஷெட்டில் பெரியவருக்கு, உயரத்தை வைத்து, முக்கால் என்று பேராம். அவர் எஞ்சினுக்குள் வெறும் தரையில் நின்றால் ஜன்னல் வழியாகப் பின்பக்கம் தெரியாது. வீட்டிலிருந்து ஒரு பலகை கொண்டுவந்து போட்டுக்கொள்வார். வண்டி நின்றதும் அதன்மேல் ஏறிப் பின்னால் பார்க்க வேண்டும்; எல்லாம் சரி என்று கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்குக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்; இறங்கி, பலகையைக் காலால் ஓரம் தள்ளி, சீட்டில் உட்கார்ந்து, அப்புறம்தான் வண்டியை எடுக்க முடியும்.

"மத்தவங்களைவிட எனக்கு ஒரு இருபது செகண்டு சேர்த்து ஆகும்," என்றார் பெரியவர். "ரொம்பப் பேர் திட்டியிருக்காங்க."

 மனைவி டீத் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டார்.

அந்த இடத்தை லிப்ட்காரர் சொன்னதும் நான் கேட்டேவிட்டேன்: இத்தனை வருஷமாகச் சுமந்த நன்றி ஒரு பலகைக்குப் போய்ச் சேர்ந்ததா?  இடுக்கு வழியாகக் குரல் வந்தது.

"பலகைக்காகவே நின்னிருக்கட்டும் மேடம். நான் ஏறினேனா இல்லையா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு இதே கணக்குத்தான். மறந்துபோன நாலு வரியைத் தேடவில்லை. ஆறு மாதம் உங்கள் வண்டியில் ஏறிப் போனேன், அதனால் எனக்கு வேலை கிடைத்தது, ரொம்ப நன்றி என்று பெரியவரின் இரண்டு கையையும் பிடித்துச் சொல்லிவிட்டார். சொல்லும்போது முகத்துக்கு நேராக இருக்க வேண்டுமென்று கொஞ்சம் குனிந்துகொண்டாராம்.

(இன்னொரு குறிப்பு. ஸ்டேஷனை இடித்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. அப்போதே மனைவி ஒரு வழி சொன்னார். தூரத்தில் இருப்பது சின்னதாகத்தானே தெரியும்? வாங்கியது எல்லாவற்றையும் மலையடிவாரத்துக்குத் தள்ளி வையுங்கள். "ரெண்டு வருஷமா நாம தூரத்தை வாங்கியிருக்கோம். இனிமே கிட்டத்துல இருக்கிறத வாங்குவோம்." ஆகவே லிப்ட்காரர் திரும்பவும் கடை கடையாக அலைகிறார். ரோஸ் மனிதரை நிறுத்தி, மேலே ஒரு விரல் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறார்.)

7

இனி எனக்குத் தெரிந்த கடைசி விஷயம்.

மனைவி அலமாரியைத் திறந்து ஓடுகிற பையனை எடுத்து வந்து பெரியவரின் உள்ளங்கையில் வைத்தார். "எங்க வைக்கணுமோ நீங்களே வைங்க."

ஸ்டேஷனுக்கு இரண்டு வழி. நடுவில் பெரிய படிக்கட்டு, ஓரத்தில் தண்ணீர்க் குழாய். எந்தப் பக்கமிருந்து ஓடி வந்தேன் என்று லிப்ட்காரர் அன்று சொல்லியிருக்கவில்லை. நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பெரியவர் பையனைப் படிக்கட்டுக்கு நேராகக் கொண்டுபோனார். அங்கே வைக்கவில்லை. தள்ளிக்கொண்டே போய்க் குழாயடியில் நிறுத்தினார்.

தாமதமாக வருகிற எல்லோருமே அந்தக் குறுக்கு வழியில்தான் வந்திருக்கலாம். அப்படியும் இருக்கலாம்.

பிறகு பெரியவர் ரயிலை ஓட்டும் குமிழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வண்டி மலையைச் சுற்றி வந்து பிளாட்பாரத்தில் நின்றது. கடைசிப் பெட்டிக்கும் குழாயடிப் பையனுக்கும் நடுவில் இரண்டு சாண் தூரம். கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. பெரியவர் கை குமிழ்மேல் இருந்தது. அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து—

லிப்ட் கதவு திறந்துவிட்டது.

நான் வெங்காயத்தோடு வெளியே வந்தேன். அவருடைய போன் அடித்தது. வேறு கட்டடத்தில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடிவிட்டார். ரோஸ் மனிதர் என் கையிலேயே தங்கிவிட்டார். இதை எழுதுகிற மேஜைமேல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இந்த இதழ் வந்ததும் இதழோடு சேர்த்து அவரையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்போது கேட்டால் மிச்சத்தைச் சொல்லிவிடுவார். கேட்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

முடிவு எழுதிப் பார்க்காமல் இல்லை. "'நீதானா அந்தப் பையன்' என்று பெரியவர் தழுதழுத்த குரலில்—" அடித்துவிட்டேன். அவர் தழுதழுக்கிற ஆள் இல்லை. "பெரியவர் பட்டென்று குமிழைத் திருக, பையனை விட்டுவிட்டு வண்டி கிளம்ப, எல்லோரும் விழுந்து விழுந்து—" இதையும் அடித்துவிட்டேன். எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு லிப்டில் இருந்தது பத்து நிமிட வேலைதான் என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார். அப்படியானால் அந்த நாற்பது நிமிடம் வயர்ச் சிக்கலா, கதையை முடிப்பதற்காக அவர் என்னை நிறுத்தி வைத்தாரா? நான் விசாரிக்கவில்லை. கதை எனக்குக் கிடைத்ததா இல்லையா?

ஆகவே வண்டி பிளாட்பாரத்தில் நிற்கிறது. குமிழ் இப்போது உங்கள் கையில். குழாயடியில் ஒரு பையன், ஒரு கால் காற்றில். பெரியவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் மெதுவாக எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று—